அனுப்ப வேண்டும் என்ற பக்கம்

என் மகள் ஒன்பது வயதில் இந்த ஊருக்கு வந்தாள். வரும்போது அவளுக்கென்று இருந்த ஒரே பத்திரம், தமிழ்நாட்டில் ஒரு நகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். அதில் அவளுடைய பெயர் சரி. எங்கள் இருவரின் பெயரும் சரி. முகவரி மட்டும் எங்களுடையது இல்லை.

அந்த முகவரியைக் கொடுத்தவர் என் கணவர். நானும் அவரும் சண்டைக் காலத்தில் சின்னப் பிள்ளைகளாகத் தாய் தகப்பனுடன் இலங்கையிலிருந்து படகேறிப் போனவர்கள். ஒரே அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்தவர்கள். முகாமில் இருக்கிற ஆண்கள் பெரும்பாலும் பெயின்ட் அடிக்கிற வேலைக்குத்தான் போவார்கள். அவரும் போனார். அவரை வேலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரி அந்த ஊர்க்காரர், நல்ல மனிதர். மகள் பிறந்தபோது என் கணவர் மேஸ்திரியிடம் கேட்டு, அவருடைய வீட்டு முகவரியைப் பதிவில் எழுதக் கொடுத்தார். முகாமின் பெயர் எழுதிய பத்திரங்களை நீட்டி நீட்டி அவருக்கு அலுத்துப்போயிருந்தது. பிள்ளைக்காவது அந்தப் பெயர் இல்லாத ஒரு கடதாசி இருக்கட்டும் என்று நினைத்தார்.

திரும்பி வர முடிவெடுத்த பிறகுதான் அது என்ன செய்திருக்கிறது என்று தெரிந்தது. வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளையை இலங்கைப் பிரசையாகப் பதிய வேண்டும். பதிவதற்கு அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். அதை வாசிக்கிறவருக்கு அவள் அந்த ஊரில் சொந்த முகவரியோடு வாழ்ந்த ஒரு இந்தியக் குடும்பத்தின் பிள்ளை. இந்தியாவுக்கோ அவள் அகதியின் பிள்ளை. பதிவு இல்லாமல் அவளை விமானத்தில் ஏற்ற ஏலாது. நீங்கள் இரண்டு பேரும் முதலில் போங்கோ, பிள்ளையைப் பிறகு எடுக்கலாம் என்று ஒருவர் புத்தி சொன்னார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே போன மாதிரியே படகில் வந்தோம். மன்னார்க் கரையில் பிடித்தார்கள், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள், எச்சரித்து விட்டார்கள். அதன்பிறகு திருகோணமலை. அன்புவழிபுரத்தில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். அங்கே சுவருக்குப் பெயின்ட் அடித்தவர், இங்கே உட்துறைமுகத்தில் வள்ளங்களுக்கு அடிக்கத் தொடங்கினார். நான் விடியப்புறத்தில் இடியப்பம் அவித்து, இறங்குதுறைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுத்தேன். எங்கள் இருவரின் பழைய பிறப்புப் பதிவுகள் இங்கே கிடந்தன. அதனால் எங்களுக்கு அடையாள அட்டை கிடைத்துவிட்டது. மகளுக்கு ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் அதிபர் அவளைச் சேர்த்துக்கொண்டார். பத்திரத்தைப் பிறகு கொண்டு வாங்கோ என்றார். ஒவ்வொரு வருடமும் அந்தப் பிறகு அடுத்த வருடத்துக்குப் போனது. ஆனால் பதினோராம் ஆண்டில் எழுதுகிற ஓ.எல். அரசாங்கப் பரீட்சைக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும், அதற்கு மேல் தன்னாலும் ஒன்றும் செய்ய ஏலாது என்பதையும் அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். அதை மகளும் பக்கத்தில் நின்று கேட்டாள்.

அப்படி ஒரு பிள்ளை வளர்வது வெளியில் பெரிதாகத் தெரியாது. மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் சைக்கிளில் போனாள், மழைக்கு நனைந்தாள், கணக்கில் குறைந்த புள்ளி எடுத்துவிட்டு அழுதாள். எந்த இடம் பத்திரம் கேட்கும், எந்த இடம் கேட்காது என்பது மட்டும் அவளுக்கு மனப்பாடம். வாசிகசாலை கேட்கும். கோயில் கேட்காது. ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் கேட்க மாட்டார்கள். வெளியூர் விளையாட்டுப் போட்டி கேட்கும். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வங்கிக்காரர் வந்து பிள்ளைகளுக்குச் சேமிப்புக் கணக்குத் திறந்து, ஆளுக்கொரு உண்டியல் கொடுத்தார்கள். வகுப்பில் இவள் ஒருத்திதான் வெறுங்கையோடு வந்தாள். நான் கேட்க முதலே, "அந்த உண்டியல் ஒரு மாதிரி ஊதா நிறம் அம்மா. எனக்குப் பிடிக்கேல்ல," என்றாள். அதற்குமேல் அதைப்பற்றி ஒரு கதையும் இல்லை. அவளுக்கு அப்போது பத்து வயது. நான் குசினிக்குள் போய் மாவைக் குழைத்துக்கொண்டு நின்றேன்.

நான் அதிகம் படிக்கவில்லை. முகாம் பள்ளியில் எட்டு வரைதான். அலுவலகம் என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கணவர் பரவாயில்லை, ஆனால் அதிகாரிக்கு முன்னால் தேவையில்லாத பொய் ஒன்றைச் சொல்லிவிடுவார். பயத்தில் வருவது. அந்த இரண்டு பேருக்கும் பிறந்த பிள்ளை எப்படி இப்படி வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அவள் பத்தாம் ஆண்டில் இருந்தபோது, பர்மாப் பக்கத்திலிருந்து ஆட்களோடு ஒரு படகு எங்கள் கடலுக்குள் வந்துவிட்டது. கடற்படை அதைத் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. நிறையப் பேர், அதிலும் நிறையச் சின்னப் பிள்ளைகள். ஊர் முழுக்க அடுப்பு மூட்டியது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் சோற்றுப் பார்சல்கள் வந்தன. சல்லிக் கிராமத்து மீன்பிடிக் குடும்பங்கள் பாயும் உடுப்பும் கொடுத்தன. நானும் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு, அவர்களை வைத்திருந்த இடத்துக்குப் போனேன். வாசலில் சாமான் வாங்கி அடுக்கிக்கொண்டிருந்த கிண்ணியாப் பெண் ஒருத்தி சம்பல் மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள்.

"உம்மா, இதென்ன புள்ள, நெருப்பையா அரைச்சிக் கொண்டந்தீங்க? எத்தின நாளாப் பட்டினி கிடந்த வயிறு. இடியப்பத்த மட்டும் தாங்க. பால் ஊத்திக் குடுப்பம்."

சம்பலை எங்கே கொண்டுபோவது என்று நான் முழித்துக்கொண்டு நின்றேன். அவளே அதை வாங்கி, அங்கே வேலை செய்கிற ஆட்களுக்கு என்று ஒரு பக்கம் வைத்தாள். அவர்களும் பசியோடுதான் நின்றார்கள்.

சாப்பாடு கொடுத்த அதே ஊரில்தான் சண்டையும் தொடங்கியது. இவர்களை வைத்திருப்பதா, திருப்பி அனுப்புவதா? தொலைக்காட்சியிலும் அதுதான், பஸ்ஸிலும் அதுதான். நான் இடியப்பம் கொடுக்கிற கடையில் ஒரு காலை இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நாங்களே மா வாங்க ஏலாமக் கிடக்கிறம். இதுக்குள்ள விருந்தாளியள்," என்றார் ஒருவர்.

"அப்ப உம்மட மூத்தவனை லண்டனுக்கு அனுப்பினது என்ன, ராசா மாதிரிப் பிளேனில டிக்கெட் போட்டோ?" என்றார் மற்றவர்.

"அது வேற."

"என்ன வேற? உப்புத் தண்ணி எல்லா இடமும் உப்புத்தான்."

நான் தட்டை வைத்துவிட்டு வெளிக்கிட்டேன். அந்தக் கதையில் எங்கள் வீடும் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

அந்த வருடம் பள்ளிக்கூடத்து விவாதப் போட்டிக்கும் அதையே தலைப்பாகப் போட்டார்கள். கடல்வழியாகச் சட்டவிரோதமாக வருவோரைத் திருப்பி அனுப்ப வேண்டுமா, வேண்டாமா? எந்த அணிக்கு எந்தப் பக்கம் என்பது சீட்டுக் குலுக்கித்தான். நாங்கள் விரும்புகிற பக்கத்தை எடுக்க ஏலாது. மகள் தன் அணியின் தலைவி. அவள் எடுத்த சீட்டில் ‘அனுப்ப வேண்டும்’ என்று இருந்தது.

தமிழ் படிப்பிக்கிற ரீச்சருக்கு எங்கள் விசயம் தெரியும். அதிபருக்கு அடுத்தபடியாக அவவுக்கு மட்டும்தான் தெரியும். மகளைத் தனியாகக் கூப்பிட்டு, மற்ற அணியோடு பக்கத்தை மாற்றித் தரவா என்று கேட்டிருக்கிறா. மகள் வேண்டாம் என்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அதை எங்களுக்குச் சொன்னபோது கணவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் வேண்டாமெண்டனீ?"

"மாத்தினா எல்லாரும் ஏன் எண்டு கேப்பினம். அதோட, சீட்டு விழுந்தது விழுந்ததுதான் அப்பா."

"நீ படகில வந்தனீ. படகில வாற ஆக்களை அனுப்பச் சொல்லிக் கத்தப் போறியோ?"

"கத்த மாட்டன். கதைப்பன்."

அன்றிலிருந்து போட்டி நாள் வரைக்கும் எங்கள் வீட்டில் பின்னேரங்களில் இதுதான். வேலையால் வந்து, டர்பன்டைன் மணத்தோடு அவர் கதிரையில் இருப்பார். அவர் எதிரணி. மகள் அலுமாரிக்கு முன்னால் நிற்பாள். நான் குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

"அதுகள் பாவங்கள். உயிருக்குப் பயந்து வருதுகள்," என்று அவர் தொடங்குவார்.

"பாவம் எண்டுறது வாதம் இல்லை அப்பா. படகு விட்டவன் பாவமோ? வாற எல்லாப் படகையும் ஏற்றுக்கொண்டா அவன் நாளைக்கு இன்னும் பத்துப் பிள்ளையைத் தண்ணி இல்லாமல் ஏத்துவான். அதுக்கு என்ன சொல்லுறீங்கள்?"

அவர் யோசிப்பார். "அது... அவனைப் பிடிக்க வேணும்."

"அவன் படகில வாறேல்ல. கரையில நிண்டு அனுப்புறவன்."

"இஞ்ச பாரும், இவள் என்னையும் திருப்பி அனுப்பிப்போட்டுத்தான் விடுவாள்," என்று குசினிப் பக்கம் பார்த்து என்னிடம் சொல்வார்.

"சட்டம் அப்பா எண்டு பாக்காது," என்பாள் மகள்.

"அம்மாவைப் பாக்குமோ?"

"அம்மா இடியப்பம் அவிக்கிறா. பொருளாதாரத்துக்குத் தேவை. விடலாம்."

அவர் தோற்றுக்கொண்டே இருந்தார். தோற்பது அவருக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள் மகளுக்கு உதவப் பார்த்து, அந்த ஆட்களை ஏசுகிற மாதிரிக் கடையில் கேட்ட ஒரு கதையை எடுத்துவிட்டு, இதையும் உன் பேச்சில் சேர் என்றார். மகள் தலையாட்டவில்லை. "அந்த ஆக்களை ஒரு சொல்லும் ஏச மாட்டன். ஏசாமல் இந்தப் பக்கத்தை வெல்ல ஏலுமோ எண்டு பாக்கப் போறன்," என்றாள்.

போட்டி அன்றைக்கு நான் மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தேன். கணவர் வேலை என்று சொல்லி வரவில்லை. வேலை இருந்ததோ, பயமோ தெரியாது. எதிரணித் தலைவி நல்ல பேச்சாளர். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னாள், ஆனால் சொன்ன விதத்தில் மண்டபம் எழும்பிவிட்டது. "நாங்களும் ஒரு காலம் படகேறிப் போனவர்கள்தானே. இந்தியா எங்களைத் திருப்பி அனுப்பியதா?" என்று கேட்டாள். கைதட்டு நிற்க நேரம் எடுத்தது.

மகள் எழும்பினாள். மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினாள்.

"எதிரணித் தலைவி சொன்னது உண்மை. இந்தியா அனுப்பவில்லை. அதற்காக நாங்கள் நன்றி சொல்ல வேண்டும். ஆனால், உள்ளே எடுத்ததா? ஒரு பிள்ளை அங்கே பிறந்து, அங்கே நடந்து பழகி, அங்கே பள்ளிக்குப் போய், இருபது வயதிலும் மாலையில் முகாமுக்குத் திரும்பி வந்து கணக்குக் கொடுக்க வேண்டும். அனுப்பவும் இல்லை, ஏற்கவும் இல்லை. அப்படி இருப்பது எப்படி என்று எதிரணியில் யாருக்காவது தெரியுமா? அனுப்பாமல் விடுவது மட்டும் இரக்கம் ஆகாது. ஏற்பதென்றால் பெயரைப் பதிந்து, பள்ளிக்கூடம் கொடுத்து, வேலை கொடுத்து ஏற்க வேண்டும். அதைச் செய்ய இந்த நாட்டுக்கு இன்றைக்கு வசதியும் மனமும் இருக்கிறதா? இல்லை என்றால், பாதுகாப்பான ஒரு நாட்டைத் தேடி, மரியாதையோடு அனுப்பி வையுங்கள். வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு, சோறு போட்டோம் என்று சொல்லாதீர்கள்."

யாரும் கைதட்டவில்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு கை தட்டத் தொடங்கியது. மேடைக்குப் பக்கத்தில் தமிழ் ரீச்சர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. அந்தப் பேச்சை மகள் எந்தப் புத்தகத்தில் எடுத்தாள் என்று மண்டபத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்களோ தெரியாது. எனக்கு அந்த முகாமின் கேட்டும், மாலையில் வரிசையில் நின்ற என் கணவரின் பெயின்ட் படிந்த கையும் கண்ணுக்குள் வந்தன. அவர் தோளில் இருந்த பிள்ளைதான் இப்போது மேடையில் நிற்கிறாள். நாங்கள் நினைத்ததை விட அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

அவளுடைய அணி வென்றது. பிரதம விருந்தினராக வந்த ஓய்வுபெற்ற அதிகாரி, இந்தப் பிள்ளைக்கு நாட்டின்மேல் இருக்கிற பற்றை எல்லாரும் பார்த்துப் பழக வேண்டும் என்றார். மகள் இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கி, குனிந்து நன்றி சொன்னாள். சிரிக்கவில்லை.

திரும்பி நடந்து வரும்போது கேட்டேன். "நீ உண்மையாவே அப்பிடித்தான் நினைக்கிறியோ?"

"பாதி."

"எந்தப் பாதி?"

"அந்த ஆக்களை அனுப்ப வேணுமெண்டு நினைக்கேல்ல அம்மா. ஆனா அனுப்பச் சொல்லுற எல்லாரும் கெட்ட ஆக்கள் எண்டும் இப்ப நினைக்கேல்ல. முந்தி நினைச்சனான்."

வீட்டில் கணவர் கிண்ணத்தைத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பனை நாடு கடத்தினதுக்குக் கப்பே குடுக்கிறாங்கள்?" என்றார். பிறகு அதைத் துடைத்து அலுமாரிக்குமேல் வைத்தார்.

அடுத்தது, பல பள்ளிக்கூடங்கள் சேருகிற கோட்ட மட்டப் போட்டி. இரண்டு மூன்று நாள் கழித்துத் தமிழ் ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தா. தேத்தண்ணி கொடுத்தேன். மழையைப் பற்றிக் கதைத்தா, இடியப்பத்தைப் பற்றிக் கதைத்தா. வந்த விசயத்தைச் சொல்ல அவவுக்கு வாய் வரவில்லை. மகள்தான் சொன்னாள்.

"ரீச்சர், வயசு பாக்கப் பிறப்புப் பத்திரம் கேட்டிருப்பினம், என்ன? இந்தியாப் பத்திரத்தைக் குடுத்தா பிரச்சினை வரும். நான் போகேல்ல. மூண்டாவதாப் பேசினவளைத் தலைவியாப் போடுங்கோ. அவளுக்குக் குரல் இருக்கு. என்ர பொயின்ட்ஸ் எல்லாம் சொல்லிக் குடுக்கிறன்."

ரீச்சர் கோப்பையைக் கீழே வைத்தா. கோபம் வந்துவிட்டது. யார்மேல் என்று அவவுக்கே தெரியாத கோபம்.

"போட்டிக்கு ஆள் மாத்திப் போடலாம் பிள்ளை. ஓ.எல்.லுக்கு உனக்குப் பதிலா ஆரைப் போடுறது?"

பிறகு ரீச்சர் என் கணவரிடம், அடுத்த மாதம் ஓர்ஸ் ஹில் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் அரசாங்கத்தின் நடமாடும் சேவை நடக்கப்போகிறது, கொழும்பிலிருந்து குடியுரிமைப் பதிவு செய்கிறவர்களும் வருகிறார்கள், எல்லாரும் சேர்ந்து போங்கோ என்றா. அடுத்த நாளிலிருந்து அந்த மூன்றாவது பேச்சாளர் பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து போனாள். அலுமாரிக்கு முன்னால் அவள் நின்று பேச, மகள் கதிரையில் இருந்து எதிரணியாகக் கேள்வி கேட்டாள். தன்னுடைய இடத்தில் இன்னொருத்தி நிற்பதற்கு இவ்வளவு பாடுபடுகிற ஒரு பிள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நடமாடும் சேவை நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து பதிவில்லாமல் போனவர்கள், பத்திரம் தொலைத்தவர்கள், தோப்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள். எங்கள் முறை வந்தபோது மத்தியானம். அதிகாரி நடுத்தர வயது ஆள், கொழும்புத் தமிழர். சான்றிதழை இரண்டு தரம் வாசித்தார்.

"இதில இருக்கிற தகப்பன் இந்த முகவரியில இருந்தவர். உங்கட பேரும் அதுதான், சரி. ஆனா இந்தப் பேரில அங்க எத்தனை பேர் இருப்பாங்க? நீங்கதான் அவர் எண்டு எனக்கு எப்படித் தெரியும்?"

கணவர் முந்திக்கொண்டார். "அந்த நேரம் நாங்கள் அந்த வீட்டிலதான் சேர், வாடகைக்கு..."

"இல்லை சேர். இருக்கேல்ல," என்றாள் மகள்.

கணவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ அப்பா."

அவர் சொன்னார். பிள்ளை வளர்ந்து எங்கேயாவது போய்ப் பத்திரத்தை நீட்டினால், முகாம் என்று வாசித்துவிட்டு ஒருவரும் அவளுடைய முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று நினைத்ததாகச் சொன்னார். அதிகாரி பேனையை வைத்துவிட்டார். மெதுவாகத்தான் சொன்னார்.

"எனக்கு விளங்குது. ஆனா நான் பாவம் பாத்து ஒண்டுக்குச் சரி சொன்னா, நாளைக்கு யாரும் யார்ட பிள்ளையையும் கொண்டு வந்து இங்க நிப்பாட்டலாம். அப்ப நான் என்ன செய்றது?"

அது என் மகள் அலுமாரிக்கு முன்னால் நின்று சொன்ன அதே பக்கம். இப்போது மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. நான் எழும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். மகள் கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தாள்.

"நீங்கள் கேக்கிறது சரி சேர். கேக்கத்தான் வேணும். பாவம் பாக்க வேண்டாம். என்ன கொண்டு வந்தா நம்புவீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ. எல்லாத்தையும் இண்டைக்கே சொல்லிப்போடுங்கோ. ஒவ்வொண்டாச் சொன்னீங்கள் எண்டா நான் கிழவியாகித்தான் ஓ.எல். எழுதுவன்."

அதிகாரி அவளைப் பார்த்தார். பக்கத்து மேசையில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அதன்பிறகு அவர் கதைத்த விதம் மாறியது. முகாமில் பக்கத்தில் இருந்து, இப்போது இங்கே திரும்பி வந்திருக்கிற இரண்டு பேர் சத்தியக் கடதாசி தர வேண்டும். அதோடு, அந்த முகவரியின் சொந்தக்காரர் அங்கே ஒரு நோட்டரிக்கு முன்னால், இவர் கேட்டதால் முகவரியை மட்டும் கொடுத்தேன், இந்தக் குடும்பம் என் வீட்டில் குடியிருந்ததில்லை என்று எழுதித் தர வேண்டும். அது வந்தால் சந்தேகம் தீரும் என்றார்.

மேஸ்திரி உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. முகாமில் இன்னும் இருக்கிற ஒருவர் மூலம் நம்பரைத் தேடி எடுத்து, கணவர் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். திரையில் முகம் வந்தது. நரைத்திருந்தார், ஆனால் குரல் அதேதான். விசயத்தைக் கேட்டுவிட்டு அவர் தலையைச் சொறிந்தார்.

"ஏம்ப்பா, அன்னைக்கு என் வீட்டுல இருக்கேன்னு எழுதிக்கிறேன்ன. சரின்னேன். இன்னைக்கு இருந்ததே இல்லன்னு எழுதித் தாங்கண்ணேங்கிற. நாளைக்கு என்ன எழுதணும்னு இப்பவே சொல்லிடு, ஒரேயடியா எழுதிக் குடுத்துடறேன்."

"அண்ணே, உங்களுக்கு ஏதும் பிரச்சினை வருமோ எண்டு..."

"வந்தா வரட்டும். உண்மையச் சொல்றதுக்கு என்ன பிரச்சினை? புள்ள எங்க? காட்டு."

கணவர் போனை மகள் பக்கம் திருப்பினார். மேஸ்திரி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எவ்ளோ பெரிய பொண்ணாயிட்ட. என்ன படிக்கிற?"

"ஓ.எல். எழுதப் போறன் மாமா."

"எழுது. நான் எழுதறத நான் எழுதறேன், நீ எழுதறத நீ எழுது."

அடுத்த வாரமே தன் வேலையை விட்டுவிட்டு, பக்கத்து நகரத்துக்கு பஸ் ஏறிப்போய், எழுதி, கையெழுத்து வைத்து அனுப்பினார். எங்களை எந்தச் சொந்தமும் இல்லாமல் ஒருமுறை உள்ளே விட்ட மனிதர், தேவை என்றபோது அதே மாதிரி எங்களை வெளியே விட்டார். இரண்டுமே எங்களுக்காகத்தான் செய்தார். சத்தியக் கடதாசி தந்தவர்கள் முகாமில் எங்களுக்கு அடுத்த குடிசையில் இருந்த புருசனும் பெண்சாதியும். அந்த மனிசி கையெழுத்து வைத்துவிட்டு, "இவள் பிறந்த அண்டைக்கு நான்தான் வெந்நீர் வைச்சனான். அதையும் எழுத வேண்டாமோ?" என்று கேட்டா. எழுத இடம் இருக்கவில்லை.

எல்லாம் கொழும்புக்குப் போனது. காத்திருந்த நாட்களில் மகள் ஒருமுறைகூட வந்ததா என்று கேட்கவில்லை. படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை எழுதக் கிடைக்குமோ தெரியாத ஒரு பிள்ளை, கிடைக்கும் என்று தெரிந்தவர்களைப் போலவே ஒவ்வொரு பாடத்தையும் முடித்தாள். கணவர்தான் ஒவ்வொரு நாளும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு ஏதோ மறந்ததுபோல வீட்டுக்கு வந்தார்.

அவளைப் பிரசையாகப் பதிந்த பத்திரம் பதினோராம் ஆண்டின் நடுவில் வந்தது. கணவர் அதைக் கையில் எடுக்கப் பயந்து மேசையிலேயே வைத்து வாசித்தார். அடுத்த நாளே அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கக் கிராம சேவகரிடம் போனோம். அவ ஒரு இளம் பெண். சின்ன அறை, சுவரோரத்து நீள வாங்கில் எங்களுக்குப் பின்னால் நாலைந்து பேர் இருந்தார்கள். எங்கள் வீட்டு ஒழுங்கையில் குடியிருக்கிறவர்கள்தான், முகம் தெரிந்தவர்கள்.

"பிறந்த இடம்?" என்று கேட்டா கிராம சேவகர்.

மகள் அந்த ஊரின் பெயரைச் சொன்னாள்.

"அது எந்தப் பக்கம்? கேள்விப்படேல்லையே."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வாங்கில் இருந்தவர்கள் கதையை நிறுத்தியிருந்தார்கள். இவள் கொஞ்சம் குனிந்து, மெதுவாகச் சொல்லலாமே என்று எனக்கு இருந்தது.

"இந்தியா. தமிழ்நாடு," என்றாள் மகள், வழமையான குரலில். "அகதி முகாமில இருந்தனாங்கள். ஒன்பது வயசில வந்தனான்."

"எழுத்துக் கூட்டிச் சொல்லும் பிள்ளை, பிழை விட்டால் பேந்து கரைச்சல்."

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். கிராம சேவகர் கேட்டுக் கேட்டு எழுதினா. ஒரு எழுத்தில் அவ நிறுத்த, மகள் எட்டிப் பார்த்து, அந்த எழுத்தை இன்னும் கொஞ்சம் உரத்துச் சொன்னாள்.